இரண்டாவது மிஷினம்மா

என் ஓரகத்தியை யாராவது புகழ்ந்தால் எனக்கு வயிறு எரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் மறைத்துவிட்டேன் என்று ஒருத்தரும் பேசக் கூடாது. ஓரகத்தி என்றால் என் கொழுந்தனுடைய மனைவி. வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். ஒரே வீடு, ஒரே சமையலறை. அது போதாதென்று நாலு வருஷம் வேலையிடமும் ஒன்றாகவே இருந்தது. என் தலையெழுத்து அப்படி.

எங்கள் தெருமுனையில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை இருக்கிறது. கண்ணைச் சோதிக்கிற எழுத்து அட்டையைத் தாண்டி, நீலத் திரையை விலக்கினால் பின்னறை. அங்கேதான் ஃப்ரீக்வென்சி சிகிச்சை நடந்தது, அதாவது உடம்பில் லேசாக மின்சாரம் விட்டு வியாதியைத் தீர்க்கிறது. கடைக்காரரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வோம். அவர் எங்கோ ஒரு கண்காட்சியில் அந்த மிஷினைப் பார்த்து மயங்கி வாங்கி வந்துவிட்டார். வாங்கிய பிறகுதான் அதை இயக்க ஓர் ஆள் வேண்டுமே என்பது அவருக்கு உறைத்தது. அப்போது முன்பக்கத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டு கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவள் நான். "அம்மா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்களேன்" என்று ஒரு தடித்த ஃபைலை என் கையில் கொடுத்தார். ஒரே மாதத்தில் மனப்பாடம் செய்துவிட்டேன்.

மிஷின் ஒரு ரொட்டிப் பெட்டி அளவு இருக்கும். முகப்பில் சிவப்பு எண்கள் ஓடும். பக்கத்தில் ஒரு திருகு. பின்னால் இருந்து சிவப்பு ஒயர் ஒன்று, கறுப்பு ஒயர் ஒன்று. ஒவ்வொன்றின் முனையிலும் கைக்கு அடக்கமான ஓர் எஃகு உருளை. அவற்றை ஈரத்துணியால் சுற்றி, வந்தவர் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். தலைவலிக்கு ஓர் எண், மூட்டு வலிக்கு மூன்று எண்கள், தூக்கம் வராததற்கு ஐந்து. ஓர் எண்ணுக்கு மூன்று நிமிஷம். முடிந்ததும் மிஷின் கூவும், அடுத்த எண்ணை வைக்க வேண்டும். கையில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சுருசுருப்பு இருக்கும். நூற்று நாற்பது வியாதிகளின் எண்களும் எனக்கு ஃபைலைப் பார்க்காமலே வரும்.

குணமானதா என்று கேட்டால், சிலருக்கு ஆனது, சிலருக்கு ஆகவில்லை. ஆனவர்கள் மிஷினைப் புகழ்ந்தார்கள். ஆகாதவர்களுக்கு நான் எண்ணை மாற்றி வைத்தேன்.

வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டேன். பையில் பேனா குத்திக்கொண்டேன். பஸ்ஸில் போகும்போது, "மிஷினம்மா, இங்க உட்காருங்க" என்று இடம் விடுவார்கள். அந்தப் பேர் எனக்கு யாரும் சும்மா தரவில்லை, நான் சம்பாதித்தது. என் வீட்டுக்காரரே ஒருமுறை போனில் யாரிடமோ, "மிஷினம்மாவோட வீட்டுக்காரர் பேசறேன்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அன்றைக்கு அவருக்கு ஒரு டீ கூடுதலாகப் போட்டுக் கொடுத்தேன்.

ஏழு வருஷம் இப்படி ராணி மாதிரி இருந்தேன். பிறகு சின்னவள் வந்தாள்.

அவள் அதற்கு முன் ஒரு பஸ் கம்பெனியில், தொலைந்த பொருள்களைத் திருப்பிக் கொடுக்கிற ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். குடையை விட்டவர், செருப்பை விட்டவர், பல்செட்டை விட்டவர் எல்லோரும் அவளிடம்தான் வர வேண்டும். கம்பெனி அந்த ஜன்னலை மூடிவிட்டது. வீட்டில் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அவளையும் உங்கூட கூட்டிட்டுப் போயேன், பாவம்" என்றார் என் வீட்டுக்காரர். என் வீட்டிலிருந்தே எனக்கு வேட்டு வைத்த மனுஷன் அவர்தான்.

கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக்காரர் இரண்டாவது மிஷின் ஒன்று வாங்கினார். புதிசு அவளுக்கு, ஏழு வருஷம் தேய்ந்தது எனக்கு! அதையும் பொறுத்துக்கொண்டேன். துணி சுற்றுவது, எண் வைப்பது, திருகை மெல்லத் திருப்புவது எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். ஒன்றைத் தவிர. இந்த வேலையின் முதல் பாடம், காலையில் கடையைத் திறந்ததும் உருளைகளை நாமே கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். சுருசுருப்பு வந்தால்தான் மிஷின் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதை அவளுக்குச் சொல்லவில்லை. அவள் வருவதற்கு முன்பே போய் இரண்டு மிஷினையும் நானே பார்த்து வைத்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், ஒரு பாடமாவது என்னிடம் மட்டும் இருக்கட்டுமே என்றுதான். வேறென்ன?

அவள் வேலை செய்கிற அழகைச் சொல்ல வேண்டும். வந்தவர் உட்காருவார். இவள் மிஷின் பக்கமே திரும்ப மாட்டாள். பஸ் கம்பெனி பழக்கம் விடவில்லை. அங்கே, "கடைசியா எப்ப கையில இருந்துச்சு?" என்று கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், இங்கே, "கடைசியா வலி இல்லாம எப்ப இருந்தீங்க?" என்று கேட்கும். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். அந்த ஆள் மேலே பார்ப்பார், கீழே பார்ப்பார், பிறகு ஆரம்பிப்பார். மகன் கல்யாணத்துக்கு முன்னால், வீடு மாறினதுக்கு முன்னால், அந்த மேனேஜர் வந்ததுக்கு முன்னால் என்று ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் வரும். இவள் "ம்ம்" கொட்டுவாள். இருபது நிமிஷம் கழித்துத்தான் உருளைகளைக் கையில் கொடுப்பாள். அதற்குள் நான் மூன்று பேரைப் பார்த்து அனுப்பியிருப்பேன்.

சில பேருக்கு மிஷினே வைக்க மாட்டாள். பேப்பர் கடை நடத்துகிற அம்மா ஒருத்தி கால் வீங்கி வந்தாள். என்னிடம் வந்திருந்தால் வீக்கத்துக்கு உள்ள நாலு எண்ணை வைத்திருப்பேன். சின்னவள் காலை அழுத்திப் பார்த்தாள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டாள். "இது மிஷினுக்கு உள்ளது இல்லைங்க. கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வரிசையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"வந்தவங்களைத் திருப்பி அனுப்பறதுக்கு எதுக்கு ஒரு மிஷின்?" என்று வீட்டில் சமைக்கும்போது கேட்டேன்.

"இதயத்துல கோளாறாம் அக்கா. நல்லவேளை இன்னைக்கே வந்தீங்கன்னு டாக்டர் சொன்னார்" என்றாள், தட்டைக் கழுவிக்கொண்டே. ஏதோ கடையில் போய்த் தீப்பெட்டி வாங்கி வந்த மாதிரி சொன்னாள்! அந்த அடக்கம்தான் என்னைக் கொன்றது. கொஞ்சம் பீற்றிக்கொண்டால் என்னவாம்? நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அப்புறம் கணக்கு வாத்தியார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இடது தோள்பட்டையில் வலி. ஒன்றேகால் வருஷம், செவ்வாய்தோறும் என் நாற்காலியில் உட்கார்ந்தவர். ஒரு செவ்வாய்க்கிழமை உள்ளே வந்தார், எனக்கு வணக்கம் வைத்தார், நாலடி தள்ளிப் போய் சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்தார். நாலே அடி! அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்து நாற்காலிதானே, காது இருக்கிறதே, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டுக் கேட்டு, பேரன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். பேரனின் புத்தகப் பையைத் தினமும் இடது தோளில் சுமப்பது அவர்தானாம். வலது கையால் பேரனைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். "பையனை இடது கையில பிடிச்சுக்குங்க, பையை அவனே சுமக்கட்டும், அவன் வளர்ந்துட்டான்" என்றாள் இவள். மூன்று வாரத்தில் வாத்தியார் கையைத் தூக்கி எழுத்து அட்டையின் உச்சியைத் தொட்டுக் காட்டினார். கடையே கை தட்டியது. நானும் தட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

வாத்தியார் நாற்காலி மாறுவதற்கு ஒரு மாதம் முன்பே, என் பேர் அவளுக்குப் போய்விட்டது ஒரு நாள் முதல் தடவையாக என் காதில் விழுந்தது. முன்பக்கத்தில் யாரோ, "மிஷினம்மா இருக்காங்களா?" என்றார்கள். நான் கோட்டைச் சரி செய்துகொண்டு திரையை விலக்கினேன். வந்த பெண் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "நீங்க இல்லைங்க, அவங்க" என்றாள்.

மறுநாளே கண்ணாடிக்காரரிடம் போனேன். "பதினோரு வருஷ அனுபவம் எனக்கு. புது மிஷின் எங்கிட்ட இருக்கறதுதானே முறை?" என்றேன். "அதுக்கென்னம்மா, மாத்திக்குங்க" என்றார். மாற்றிக்கொண்டேன். பழைய மிஷினின் பின்பக்கத்தில் ஒயர் சொருகுகிற இடம் ஆடும். நான் ஒரு ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி வைத்திருந்தேன். அந்த ரப்பர் பேண்டைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். சின்னவளிடம் வாயே திறக்கவில்லை. காலையில் அவள் மிஷினைச் சோதித்து வைப்பதையும் அன்றோடு நிறுத்திவிட்டேன். அவள் மிஷின், அவள் பாடு.

நாலு மாதம் போயிற்று. அவள் கூட்டம் குறைந்ததா? இரண்டு பங்காயிற்று! இதில் புதிதாக ஒரு பேச்சு வேறு கிளம்பியது. "உங்க மிஷின் சுருக்சுருக்குனு குத்துதுங்க. சின்னவங்க வச்சா மெத்துனு இருக்கு, பிடிச்சிருக்கறதே தெரியலை" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். கைராசியாம். ஒரு தையல்காரர், "அவங்க திருகைத் தொடற தொடலே தனிங்க" என்றார். அவள் திருகைத் தொடுகிற லட்சணத்தை நான் தினமும் பார்க்கிறேன். ரேடியோவைத் திருப்புகிற மாதிரித்தான் திருப்புவாள்.

ஒரு திங்கட்கிழமை கண்ணாடிக்காரர் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார். கண் சோதிக்க ஒரு பெரிய இயந்திரம் வருகிறது. அதற்குப் பின்னறையில் பாதி இடம் வேண்டும். இனிமேல் ஒரு நாற்காலி, ஒரு மிஷின்தான். ஒருத்தர் பின்னறையில் இருக்கலாம், இன்னொருத்தர் முன்பக்கத்தில் கண்ணாடி விற்கலாம், துடைக்கலாம். யார் எங்கே என்று சனிக்கிழமை சொல்கிறேன் என்றார். சொல்லும்போது அவர் கண் சின்னவள் பக்கமே இருந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. பதினோரு வருஷம் கழித்து மறுபடியும் துடைக்கிற துணியா? முன்பக்கத்தில் நின்றுகொண்டு, அவளைத் தேடி வருகிறவர்களுக்கு நான் திரையை விலக்கி விடுவதா?

மறுநாள் காலையில் சின்னவள் வருவதற்குத் தாமதமாயிற்று. நான் என் மிஷினைச் சோதித்தேன். பிறகு, ஏனென்று தெரியவில்லை, அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அப்படி என்னதான் மெத்து என்று பார்ப்போம் என்று அவளுடைய உருளைகளைப் பிடித்தேன். ஒன்றுமில்லை. திருகைக் கொஞ்சம் திருப்பினேன். ஒன்றுமில்லை. முழுக்கத் திருப்பினேன். எண்கள் ஓடின, மிஷின் கூவியது, கையில் ஓர் எறும்புகூட ஊரவில்லை. பின்னால் பார்த்தேன். ஒயர் சொருகுகிற இடம் உள்ளே கழன்று தனியாக ஆடிக்கொண்டிருந்தது. மெத்துனு இருக்கிறது என்று அவர்கள் சொன்னதெல்லாம் இந்த நாலு மாதமாகத்தான். அதாவது நான் மாற்றிக் கொடுத்த முதல் வாரத்திலிருந்தே அவள் மிஷின் செத்துக் கிடக்கிறது.

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நீங்கள் என்னை மனுஷியாகவே மதிக்க மாட்டீர்கள். தனியாகச் சிரித்தேன். செத்த மிஷினை வைத்துக்கொண்டு கைராசியாம்! உருளைகளை இருந்த மாதிரியே வைத்துவிட்டு என் நாற்காலிக்கு வந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க, அவளிடம் வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்த உருளைகளைப் பிடித்திருந்ததைப் பார்த்துப் பார்த்து ரசித்தேன். மின்சாரமே இல்லாமல் இவர்களுக்கு எப்படிச் சரியாகிறது என்ற கேள்வி ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட வந்திருக்கும். எனக்கு வரவில்லை. வயிற்றெரிச்சல் மூளையை அப்படி மறைத்துவிட்டது.

சனிக்கிழமை பதினோரு மணி. பின்னறையில் கண்ணாடிக்காரர் இருந்தார். பேப்பர் கடை அம்மா உடம்பு தேறி, சும்மா பார்த்துவிட்டுப் போக வந்திருந்தாள். கணக்கு வாத்தியாரும் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்போ சின்னவங்களே இங்க..." என்று ஆரம்பித்தார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். "முடிவு பண்றதுக்கு முன்னாடி சின்னவளோட மிஷினைக் கொஞ்சம் கையில பிடிச்சுப் பாருங்க."

பிடித்தார். நானே திருகைக் கடைசி வரைக்கும் திருப்பினேன். அவர் என்னைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். "ஒண்ணும் வரலையே" என்றார்.

"வராது. நாலு மாசமா அது செத்துப்போச்சு. இதை வச்சுத்தான் உங்களையெல்லாம் குணப்படுத்தினதா ஊரை ஏமாத்திட்டு இருக்கா" என்றேன். பதினோரு வருஷத்தில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. "காலையில வந்ததும் கையில பிடிச்சுப் பார்க்கணும். இந்த வேலைக்கு அதுதான் முதல் பாடம். அதுகூடத் தெரியலை இவளுக்கு!"

சின்னவளின் முகத்தில் ஈ ஆடவில்லை. உருளைகளை வாங்கிப் பிடித்துப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. "அந்தப் பாடத்தை நீங்க எனக்குச் சொல்லித் தரலையே அக்கா" என்றாள். குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். நான் மறந்திருப்பேன் என்றே அவள் நினைத்தாள். ஆனால் அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர்கள் அப்படி நினைக்கவில்லை.

அதோடு போயிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். கணக்கு வாத்தியார் விரலை மடக்கினார். வாழ்நாள் முழுக்கக் கரும்பலகை முன்னால் நின்ற மனுஷன் அல்லவா?

"இருங்கம்மா. எனக்கு இங்க சரியாகி ரெண்டு மாசம் ஆச்சு. அப்போ மிஷின் ஓடலைங்கறீங்க."

"ஓடலை" என்றேன் பெருமையாக.

"அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணேகால் வருஷம் உட்கார்ந்தேன். அப்போ மிஷின் ஓடிச்சா?"

"நல்லா ஓடிச்சு. தினமும் நான் கையில பிடிச்சுப் பார்த்தேன்."

"ஓடினப்போ சரியாகலை. ஓடாதப்போ சரியாச்சு" என்றார் வாத்தியார். விடையை நாமே எழுதிக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டார்.

கண்ணாடிக்காரர் பழைய மிஷினைப் பார்த்தார். பிறகு என்னுடைய புது மிஷினைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வியாபாரம் தெரிந்தவர், வீணாகக் கோபப்படுகிறவர் இல்லை. "அப்போ ரெண்டுமே வேண்டாம்மா. முழு ரூமையும் கண் டெஸ்ட்டுக்கே எடுத்துக்கறேன்" என்றார். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். அதுவும் நாலு பேரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு!

"முன்னாடி வேலைக்கு ஒருத்தர்தான் வேணும். உங்கள்ல யாரு?" என்று கேட்டார்.

"அக்காவுக்கே கொடுங்க சார்" என்றாள் சின்னவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம். அதை விட்டுவிட்டு எனக்குத் தானம் செய்தாள்.

அடுத்த வாரம் முழுக்க அவள் தன்னிடம் வந்தவர்களின் வீடு வீடாகப் போனாள். "மிஷின் ஓடலைங்க, எனக்குத் தெரியாம போச்சு, மன்னிச்சுக்குங்க" என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னாள். இரண்டு பேர் கோபப்பட்டுக் கதவைச் சாத்தினார்களாம். மற்றவர்கள், "அதனால என்ன, நீங்க எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க" என்று கேட்டார்களாம். இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கிறாள். ஒயர் இல்லை, எண் இல்லை, ஒன்றுமில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பாதிப் பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறாள். அவர்களும் போய்விட்டு, அங்கே என்ன சொன்னார்கள் என்று அவளிடம் சொல்லத் திரும்பி வருகிறார்கள்.

நான் முன்பக்கத்தில் கண்ணாடி துடைக்கிறேன். விஷயம் தெரியாதவர்கள் இன்னும் கடைக்கு வந்து, "மிஷினம்மா இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள். முதலில் சில நாள், "நான்தான்" என்று சொல்லிப் பார்த்தேன். "இல்லைங்க, பொறுமையா கேட்பாங்களே, அவங்க" என்றார்கள். இப்போது துணியைக் கீழே வைக்காமலே வழி சொல்லிவிடுகிறேன். இதே தெரு, பச்சைக் கதவு. அது என் வீட்டுக் கதவும்தான். அவள் மிஷினைக் கையால் தொட்டு எத்தனையோ மாதமாயிற்று. பேர் மட்டும் அவளுக்கு!

புது மிஷினைக் கண்ணாடிக்காரர் எனக்கே கொடுத்துவிட்டார். அலமாரிமேல் இருக்கிறது. தினமும் காலையில் எடுத்துக் கையில் பிடித்துப் பார்க்கிறேன். சுருசுருவென்று அருமையாக வேலை செய்கிறது.

நாள் முழுக்க நின்று நின்று வலது முழங்காலில் வலி. மூட்டுக்கு உள்ள மூன்று எண்களையும் வைத்துப் பார்த்தேன். எண்ணை மாற்றியும் வைத்துப் பார்த்தேன். நேற்றுச் சாயங்காலம் கடையிலிருந்து வந்து, முன்னறையைத் தாண்டிப் போகும்போது நொண்டிவிட்டேன் போலிருக்கிறது. அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் போயிருந்தார்கள். சின்னவள் காலி நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"உட்காருங்க அக்கா. ரொம்ப நாளா பார்க்கறேன், நொண்டறீங்க" என்றாள்.

கால் வலித்ததால்தான் உட்கார்ந்தேன்.

"கடைசியா வலி இல்லாம எப்ப இருந்தீங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள்.

நான் மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரியும். வருஷம், கிழமை எல்லாமே ஞாபகம் இருக்கிறது. அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போன நாளுக்கு முந்தின நாள்.

"ஞாபகம் இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

"பரவாயில்லை அக்கா, ஞாபகம் வரும்போது சொல்லுங்க" என்றாள்.